இரண்டு முயல்களுக்கு நான்கு பெயர்கள்

காலிபிளவர் வாங்கப் போனால் அதைச் சுற்றியிருக்கும் பச்சை இலைகளைப் பிய்த்துக் கூடையில் எறிந்துவிட்டுத்தான் நிறுத்துப் போடுவார்கள். போன வாரம் செம்பூர் மார்க்கெட்டில் காய்க்காரர் அப்படிப் பிய்த்தபோது என்னையறியாமல் கையை நீட்டி, அந்த இலையையும் பையில் போடச் சொன்னேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "கர் மே கர்கோஷ் ஹை க்யா, ஆன்ட்டி?" வீட்டில் முயல் இருக்கிறதா என்று கேட்கிறார். இல்லையென்று சொல்லிவிட்டு இலையை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். வந்தபிறகு அதை என்ன செய்வதென்று தெரியவில்லை. சமையல் மேடையில் வைத்துப் பார்த்துக்கொண்டே நின்றேன். மருமகள் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதற்கு அவளிடம் ஒரு முகம் உண்டு, அதைத்தான் என்னால் தாங்க முடியாது.

அந்த இலையைக் கிள்ளினால் ஒரு பச்சை வாசனை வரும். அது வந்தால் எனக்குத் தாராவி வந்துவிடும். அறுபதுகளில் தாராவியை அறிந்தவர்கள் சிரிப்பார்கள். அங்கே ஏது பச்சை வாசனை, தோல் பதனிடும் ஷாப்பு நாற்றம்தானே என்பார்கள். உண்மைதான். ஆனால் அதிலேயே பிறந்து வளர்ந்த எங்களுக்கு அது நாற்றம் என்றே தெரியாது. எங்கள் சொந்த ஊரான நாசரேத்துப் பக்கமிருந்து வரும் உறவினர்கள் வந்த அன்று மூக்கைப் பொத்துவார்கள், மறுவாரம் எங்களோடு உட்கார்ந்து மீன்குழம்பு கேட்டு வாங்கிச் சாப்பிடுவார்கள். அந்த நாற்றத்தால் எங்களுக்கு ஒரு நன்மையும் இருந்தது. ஒற்றை அறையில் நாலு மனிதர்களும் இரண்டு முயல்களும் குடியிருந்தும் அக்கம்பக்கத்தில் யாரும் வாசம் வருகிறது என்று சண்டைக்கு வரவில்லை.

முயல்களைக் கொண்டுவந்தது அப்பா. டிராம்பேயில் ஒரு ஆலையில் ஃபிட்டராக இருந்தார். அவரோடு வேலை பார்த்த கோவாக்காரர் ஒருவர் வீட்டில் முயல் வளர்த்தார், செல்லத்துக்கல்ல, சாப்பாட்டுக்கு. மழைக்காலத்தில் ஒருநாள் அவரிடம் இரண்டு வெள்ளைக் குட்டிகளை வாங்கித் துணிப்பையில் போட்டு பஸ்ஸில் கொண்டுவந்தார் அப்பா. பையை அம்மாவிடம் நீட்டி, "கிறிஸ்மஸுக்குள்ள நல்லா கொழுத்துரும்" என்றார். அண்ணனுக்கும் எனக்கும் அது காதிலேயே விழவில்லை. பைக்குள் இரண்டு ஜோடி காதுகள் அசைந்துகொண்டிருந்தன. அதைப் பார்ப்போமா, கிறிஸ்மஸ் கறியைப் பற்றிக் கவலைப்படுவோமா?

அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்பே பெயர் வைத்துவிட்டோம். இங்கே எங்கள் ஆட்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவேண்டும். எங்களில் யாருக்கும் ஒரு பெயர் போதாது. ஞானஸ்நானத்தில் போதகர் சொல்லும் கோவில் பெயர் ஒன்று, அடுப்படியில் கூப்பிடும் வீட்டுப் பெயர் ஒன்று. கோவில் பெயர் நீளமாக, வெளுத்துத் தேய்த்த சட்டைபோல இருக்கும். பள்ளிக்கூடத்தில் முதல்நாள் டீச்சர் என் கோவில் பெயரைப் படித்தபோது, யாரது பதில் சொல்லாமல் இருக்கிறாள் என்று நான் பக்கத்துப் பெண்ணை முறைத்தேன். அப்படிப்பட்ட குடும்பத்தில் முயலுக்கு மட்டும் ஒற்றைப் பெயர் வைத்தால் அது அவமரியாதை அல்லவா? ஒன்றுக்குக் கோவில் பெயர் ஞானராஜ், வீட்டுப் பெயர் சிட்டு. மற்றொன்றுக்குக் கோவில் பெயர் ஏசுவடியான், வீட்டுப் பெயர் பஞ்சு. இரண்டும் அச்சு அசல் ஒன்றுபோலவே இருந்ததால், வெள்ளைத் துணிக்குப் போடும் நீலத்தைக் குழைத்து சிட்டுவின் இடது காதில் அண்ணன் ஒரு பொட்டு வைத்தான்.

அம்மாதான் முதலில் பேச்சை எடுத்தாள். "பிள்ளைய பேரு வச்சிட்டுவளே, இனி எப்படி அறுப்பிய?"

அப்பா ஆலைக்காரர். எதையும் டெஸ்ட் பண்ணாமல் பாஸ் பண்ணமாட்டார். "பேரு வச்சா மட்டும் ஆளாயிருமா? கூப்பிட்டா வரணும்லா. கிறிஸ்மஸுக்கு முந்தின நாளு நான் பேரச் சொல்லிக் கூப்பிடுவேன். வந்தா வீட்டு ஆளு. வராதவன் கறி."

அவர் விளையாட்டுக்குச் சொன்னாரா, நிஜமாகத்தான் சொன்னாரா என்பது எனக்கு அப்போதும் புரியவில்லை, இன்றும் புரியவில்லை. அப்பாவின் முகத்தில் இரண்டுக்கும் ஒரே மீசைதான். நாங்கள் நிஜம் என்றே எடுத்துக்கொண்டோம். அண்ணனுக்கு அன்றைக்கே காய்ச்சல் வந்துவிட்டது.

பாடம் ஆரம்பமானது. எங்கள் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் பெண்களுக்குக் காலையிலும் பையன்களுக்கு மதியத்திலும் வகுப்பு. ஆகவே காலையில் அண்ணன் வாத்தியார், மதியத்துக்குமேல் நான் டீச்சர். அவன் எதையும் முறைப்படி செய்கிறவன், கோவில் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவான். எனக்கு அந்த நீளமெல்லாம் வாயில் நுழையாது, சிட்டு, பஞ்சு என்றே கூப்பிடுவேன். பெயரைச் சொல்லவேண்டும், வந்தால் ஒரு துணுக்கு காலிபிளவர் இலை. தவறிக்கூட அடுத்ததுக்குக் கொடுக்கக்கூடாது, இதுதான் சட்டம். முதலில் கட்டிலுக்கடியிலிருந்து ஒரு மூக்குகூட வெளியே வரவில்லை. நான் கெஞ்சினேன், ஜெபம் பண்ணினேன், இந்தியில் திட்டினேன். பிறகு ஒருநாள், சொன்னால் நம்பமாட்டீர்கள், "சிட்டு" என்றதும் ஒரு காது நிமிர்ந்தது. நான் மோரிக்குப் போய், அதுதான் அறை மூலையில் நாங்கள் குளித்துப் பாத்திரம் கழுவும் இடம், அங்கே நின்று அழுதேன். ஏன் அழுதேன் என்று கேட்காதீர்கள்.

டிசம்பருக்குள் இரண்டும் கூப்பிட்டால் வரத் தொடங்கின. அண்ணன் பெருமைப்பட்டான், நான் பெருமைப்பட்டேன். ஆனால் ஒருவர் பாடம் நடத்துவதை அடுத்தவர் பார்க்கவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்கும் உறவுக்காரர் வீடுகளுக்குமே சரியாக இருந்தது.

கிறிஸ்மஸுக்கு முந்தின நாள் காலையில் அப்பா குளித்து, முகம் மழித்து, சட்டை மாட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். அறுக்கிறவருக்கு எதற்குச் சட்டை என்று நினைத்தேன். தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஞானராஜ்" என்றார்.

இரண்டும் ஓடிவந்தன.

"ஏசுவடியான்" என்றார். இரண்டும் அவர் முழங்காலில் ஏறி நின்றன. "சிட்டு" என்றாலும் இரண்டு, "பஞ்சு" என்றாலும் இரண்டு. அப்பா எங்களைப் பார்த்தார். "இதுல எவம்லே ஞானராஜ்?"

அண்ணன் ஒன்றைக் காட்டினான். நான் மற்றதைக் காட்டினேன்.

"ஏட்டி, அது பஞ்சுட்டி!" என்றான் அண்ணன்.

"பொட்டு இருக்குல்லா, கண்ணு தெரியலியா?"

"பொட்ட யாரு பாத்தா? எனக்கு மூஞ்சி தெரியும்."

அப்போதுதான் அம்மா அடுப்படியிலிருந்து மெதுவாகச் சொன்னாள். "இடையில பொட்டு அழிஞ்சு போச்சுன்னு நாந்தான் துணி அலசும்போது வச்சுவிட்டேன். பக்கத்துல நின்னதுக்கு வச்சேன். எந்தக் குட்டிக்கு வச்சேன்னு யாரு கண்டா?"

ஆக, அண்ணன் முகத்தைப் பார்த்துக் கூப்பிட்டிருக்கிறான், நான் பொட்டைப் பார்த்துக் கூப்பிட்டிருக்கிறேன். காலையில் ஞானராஜாக இருந்தவன் மதியம் பஞ்சுவாகி இலை தின்றிருக்கிறான். அல்லது அப்படியும் இல்லை. அண்ணன் முகம் பார்த்தது மட்டும் என்ன நிச்சயம்? முயலுக்கு முகம் என்று தனியாக என்ன இருக்கிறது? இதை யோசித்தால் இன்றும் எனக்குத் தலை சுற்றுகிறது.

அப்பா கொஞ்சநேரம் இரண்டையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு அப்பா எழுந்து, "வராதவனத்தான் கறின்னு சொன்னேன். வராதவன் இதுல யாரு இருக்கா?" என்று சொல்லிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு ஆட்டுக்கறி வாங்கப் போனார். அந்த கிறிஸ்மஸ்போல ஒரு கிறிஸ்மஸை நான் கொண்டாடியதில்லை.

இத்தோடு நிறுத்தினால் நன்றாக இருக்கும். ஆனால் எங்கள் முயல்கள் தங்கள் பெயரைக் கற்கவில்லை. எதைச் சொல்லிக் கூப்பிட்டாலும் போகவேண்டும் என்றுதான் கற்றிருந்தன. எங்கள் சந்தில் நாள் முழுக்க யாராவது யாரையாவது கூப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள். சாப்பிடக் கூப்பிடுவார்கள், தண்ணீர் வந்துவிட்டது என்று கூப்பிடுவார்கள், அடிப்பதற்குக் கூப்பிடுவார்கள். நிலைப்படியில் வைத்திருந்த பலகையைத் தாண்டும் அளவுக்கு முயல்கள் வளர்ந்துவிட்டன. எதிர்வீட்டு மராத்திக்காரம்மா மகனைச் சாப்பிடக் கூப்பிட்டால் அவனுக்கு முன்னால் இவை போய் நிற்கும். "துமசே ஸஸே ஆலே!" உங்கள் முயல் வந்துவிட்டது என்று அந்தம்மா சிரித்துக்கொண்டே குரல் கொடுப்பார். நாங்களும் சிரித்தோம்.

தை பிறந்து சிலநாள் கழித்து, நான் அசந்து தூங்கிய ஒரு மதியத்தில், இரண்டும் போய்விட்டன. யார் குரலுக்குப் போயினவோ. அண்ணனும் நானும் சந்து சந்தாக அலைந்தோம். விளக்கு வைக்கிற நேரத்தில் அப்பா வேலையிலிருந்து வந்தார். விஷயத்தைக் கேட்டார். டிபன் கேரியரைக்கூடக் கீழே வைக்காமல் அப்படியே திரும்பி நடந்தார். கூச்சப்படுகிற மனிதர், சந்தில் யாரிடமும் இரைந்து பேசமாட்டார். அன்று தோல் ஷாப்பு வரைக்கும் கத்திக்கொண்டு போனார். "ஞானராஜ்! சிட்டு! ஏசுவடியான்! பஞ்சு!" ஞானராஜ் என்று பெயருள்ள ஒரு நிஜ மனிதர் பனியனோடு வெளியே வந்து, என்ன அண்ணாச்சி என்று கேட்டார். அப்பா அவரைக் கவனிக்கவே இல்லை.

ஒன்றுதான் கிடைத்தது. அப்பா அதைச் சட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்தார். உடம்பெல்லாம் சாக்கடைச் சேறு, கழுவியபிறகு காதில் பொட்டில்லை. போனது யார் என்று எங்களுக்குத் தெரியவில்லை. அண்ணன் ஞானராஜ் போய்விட்டான் என்று அழுதான். நான் பஞ்சு போய்விட்டாளே என்று அழுதேன். ஆண், பெண்கூட அப்போதுதான் யோசித்தேன் பாருங்கள். ஒரே முயலைத்தான் இழந்தோம், இரண்டு முயலுக்காக அழுதோம். அம்மா மிஞ்சியதை நாலு பெயரையும் சொல்லிக் கூப்பிட்டாள். அது நாலுக்கும் வந்தது, இரண்டு வருஷம்போல இருந்தது, பிறகு அதுவும் போயிற்று.

அந்தச் சந்து இப்போது இல்லை. அதன்மேல் ஏழு மாடி நிற்கிறது, யாரும் யாரையும் கத்திக் கூப்பிடுவதில்லை. அது போகட்டும். அண்ணன் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் மகனோடு புனேக்குப் போய்விட்டான். ஒவ்வொரு கிறிஸ்மஸுக்கும் போன் பண்ணுவான். வாழ்த்து, பேரப்பிள்ளைகள், முழங்கால்வலி எல்லாம் முடிந்ததும் இருவரில் ஒருவர் தொடங்குவோம். மிஞ்சியது ஏசுவடியான் என்பான், சிட்டுதான் என்பேன். மருமகள் கதவைச் சாத்திக்கொள்ளும் அளவுக்குச் சண்டை போடுவோம்.

போன கிறிஸ்மஸுக்கும் நான்தான் தொடங்கினேன். அவன் மூச்சு வாங்கும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, "சரிட்டி, சிட்டுன்னே வச்சுக்கோ" என்றான்.

"ஒனக்கு என்னண்ணே செய்யுது?" என்று கத்தினேன். ஒன்றுமில்லை என்றான். ஈஸ்டர்வரை இருந்தான்.

அண்ணனை நினைத்தால் கோபம் வருகிறது. இத்தனை வருஷம் விட்டுக்கொடுக்காதவன் அன்றைக்கு மட்டும் ஏன் விட்டுக்கொடுத்தான்? இப்போது நானே, அப்பா சட்டைக்குள்ளிருந்து எட்டிப்பார்த்த அந்த முகத்தை யோசித்து யோசித்துப் பார்க்கிறேன். அண்ணன் சொன்னதுபோல அது ஏசுவடியானாகத்தான் இருக்கவேண்டும் என்று தோன்றுகிறது. அதைப் போன் பண்ணிச் சொல்ல ஆளில்லை.