டிராயரில் இருந்த ஏர் ஃபில்டர்

பிறப்பு 1979 ஆகஸ்ட். கார் பணிமனையில் மெக்கானிக்காகச் சேர்ந்தது 2001. வாடிக்கையாளர்களிடம் பேசும் ஆலோசகராக உயர்ந்தது 2014. அந்த ஆண்டு முதல் இந்த ஆலோசகரின் மேசை டிராயரில் கரி படிந்த ஏர் ஃபில்டர் ஒன்று எப்போதும் இருந்தது. "இதோ, உங்க வண்டியில இருந்ததுதான்" என்று எடுத்துக் காட்டினால், பெரும்பாலோர் மறுபேச்சின்றிப் புதியதை மாற்றச் சம்மதித்துவிடுவார்கள்.

2023 மே 12 அன்று மருந்துக்கடை நடத்தும் ஒரு பெண்ணிடமும் அதையே நீட்டினார். அந்தப் பெண் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என் ஃபில்டர்ல நெயில் பாலிஷ்ல ஒரு பொட்டு வச்சிருந்தேனே அண்ணே, அது எங்க?"

அகப்பட்டுக்கொண்டதைவிட, கையிலிருந்த சர்வீஸ் அட்டைதான் ஆலோசகரை அதிகம் கலங்கடித்தது. அந்தக் காரின் பிரேக் பேட் உண்மையாகவே தேய்ந்துபோயிருந்தது.

"என் டிராயர்ல கிடந்த ஃபில்டரைக் காட்டினது தப்புதாம்மா. ஆனா பிரேக் நிஜமாவே போயிடுச்சு. வந்து பாருங்க."

"அது எந்த டிராயர்ல இருந்து வந்துச்சு? பார்த்தா மட்டும் எனக்கு என்ன தெரியும்? நீங்க சொல்றதைத்தானே நான் நம்பணும்."

"சரி, மலைப்பாதையில மட்டும் போயிடாதீங்கம்மா."

"எங்க வீடே அங்கதான் அண்ணே இருக்கு" என்று சாவியை வாங்கிக்கொண்டார்.

கார் வாசலைத் தாண்டும்வரை ஆலோசகர் கூப்பிட்டுக்கொண்டே பின்னால் ஓடினார். திரும்பி வந்து அட்டையை நிரப்பினார்: பிரேக் பேட் மாற்றப்படவில்லை, மீதமுள்ள தடிமன் ஒரு மில்லிமீட்டர்.