என் குரல் இருந்த டிஸ்க்

குரல்வளையை எடுக்கப் போகிறார்கள் என்று முடிவானதும், பேச்சுப் பயிற்சி தரும் டாக்டரம்மா ஒரு யோசனை சொன்னார். "குரல் இருக்கும்போதே பதிவு பண்ணி வெச்சுக்கோங்க சார். பின்னாடி நீங்க டைப் பண்ணா, போன் உங்க குரல்லயே பேசற மாதிரி செஞ்சுக்கலாம்." அவர் கொடுத்த வாக்கியங்களை ஊரப்பாக்கத்தில் எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து படித்தேன். 'பஸ் எப்போது வரும்', 'எனக்குத் தலை வலிக்கிறது', இப்படி நிறைய. என் குரல் ஒன்றும் மேடைக் குரல் இல்லை. அலுவலகத்தில் கணக்குப் பார்க்கிற ஆளுக்குப் போதுமான குரல், அவ்வளவுதான்.

ஆபரேஷனுக்குப் பிறகு கழுத்தில் ஒரு துளை வழியாக மூச்சு விடுகிறேன். சொல்ல வேண்டியதைப் போனில் தட்டிக் காட்டுகிறேன்.

போனுக்கான குரலை இன்னும் செய்யக் கொடுக்கவில்லை; பதிவுகள் அந்த ஒரு கம்ப்யூட்டரில் மட்டுமே இருந்தன. இன்னொரு பிரதி வேண்டும் என்பதில் எனக்கும் மனைவிக்கும் கருத்து வேறுபாடு இல்லை. எங்கே வைப்பது என்பதில்தான் தகராறு.

"நெட்ல ஏத்திடலாங்க. வீடே போனாலும் அது இருக்கும்" என்பாள்.

யாரோ ஒருவருடைய குரலைத் திருடி, அதே குரலில் அவர் வீட்டுக்குப் போன் செய்து ஏமாற்றிய செய்தியை அப்போதுதான் படித்திருந்தேன். 'என் குரல் ஊரான் கையில் போக வேண்டாம். தனியாக ஒரு டிஸ்க் வாங்கி பீரோவில் வைப்போம்' என்று தட்டினேன்.

"போன மழைக்கு நம்ம தெருவுல தண்ணி எங்க வரைக்கும் வந்துச்சு? பீரோ மட்டும் மிதக்குமா?"

எழுதிச் சண்டை போடுவது சிரமம். நான் ஒரு வரி தட்டி முடிப்பதற்குள் அவள் அடுத்த கேள்விக்குப் போயிருப்பாள். கோபத்தில் போனைக் கவிழ்த்து வைத்துவிடுவேன். நெட்டிலும் ஏறவில்லை, டிஸ்க்கும் வாங்கவில்லை.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட ஒரு காலையில், கம்ப்யூட்டரைப் போட்டதும் உள்ளிருந்து 'டக் டக்' என்று சத்தம் வந்தது. திரை பாதியில் நின்றது. ஸ்விட்சை அணைத்தேன். அவள் பல்லாவரத்தில் ஒரு தோல் ஏற்றுமதி அலுவலகத்தில் வேலை செய்கிறாள். செய்தி அனுப்பினேன். பார்க்கவில்லை. மறுபடி அனுப்பினேன். பிறகு அதைப் பார்த்த பதற்றத்தில் அவளே போன் செய்துவிட்டாள். எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு நின்றேன். மூச்சுச் சத்தம் அவளுக்குக் கேட்டிருக்கும்.

"ஐயோ, மறந்துட்டேன். சரி, நான் சொல்றத கேளுங்க. மறுபடி ஆன் பண்ணாதீங்க. தாம்பரம் ஸ்டேஷனுக்கு வந்துடுங்க, நானும் ஏறிடறேன்."

கழுத்துத் துளையில் தூறல் படாமல் துணியைச் சுற்றிக்கொண்டு ரயில் ஏறினேன். தாம்பரத்தில் அவள் எனக்கு முன்பே வந்து நின்றிருந்தாள். ஸ்டேஷனுக்கு எதிரே ஒரு கம்ப்யூட்டர் கடை. கடைக்காரர் என்னைப் பார்த்துக் கேட்டார், "இன்னா சார் பிராப்ளம்?" அவள் சொன்னாள். சத்தம் எப்படி இருந்தது என்று மேசையில் விரலால் தட்டிக் காட்டினேன்.

"டிஸ்க் போகுது சார். மறுக்கா ஆன் ஆச்சுன்னா முக்கியமானத மட்டும் எடுத்துக்கங்க. இல்லாட்டி பெட்டிய இங்க கொண்டாந்து குடுங்க, லேபுக்கு அனுப்பறேன். ஆனா கிடைக்கும்னு கேரண்டி கிடையாது."

"குடுத்துடலாங்க. நாம தொட்டு இருக்கறதும் போயிடப் போவுது" என்றாள்.

'லேபில் யார் யார் கேட்பார்கள்' என்று தட்டினேன். அதைப் படித்துவிட்டு அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கடைக்காரர் போன் பேசுவதுபோல் உள்ளே போனார்.

கடைசியில் ஒரு புது டிஸ்க் வாங்கிக்கொண்டு வீட்டுக்கே திரும்பினோம்.

வீட்டுக்கு வந்ததும் கரண்ட் ஒரு முறை போய் வந்தது. புது டிஸ்க்கைச் செருகி, கம்ப்யூட்டரைப் போட்டோம். சத்தம் வந்தது, ஆனாலும் இந்த முறை திரை முழுக்க வந்துவிட்டது. நான் வாக்கியங்கள் இருந்த ஃபோல்டரை நோக்கி மவுஸை நகர்த்தினேன். அவள் என் கையைப் பிடித்துத் தடுத்தாள்.

"முதல்ல தொட்டி."

பதிவு செய்த நாட்களில் ஒரு மாலை, மைக்கை அணைக்க மறந்துவிட்டு நாங்கள் பேசிக்கொண்டிருந்தோம். மாடித் தொட்டி ஒழுகுவது, பிளம்பர் வராமல் இழுத்தடிப்பது, ராத்திரிக்கு உப்புமாவா தோசையா என்பது. அதை அவள் 'தொட்டி' என்று பெயர் போட்டுத் தனியாகச் சேமித்திருந்தாள்.

'வாக்கியம் இருந்தால்தான் போன் பேசும்' என்று தட்டினேன்.

"போன் பேசறது அப்புறங்க. அதுல நீங்க என்கிட்ட பேசறீங்க."

போனைக் கீழே வைத்தேன். மவுஸை அவளிடம் விட்டேன்.

பச்சைக் கோடு ஊர்ந்தது. நின்றது. உள்ளே டக் டக். அவள் என் தோளைப் பிடித்திருந்த இடம் வலித்தது. வெளியே மழை வலுத்தது. விளக்கு மங்கித் தெளிந்தது. கோடு மறுபடி நகர்ந்து முடிந்தது. பிறகு வாக்கியங்களை இழுத்துப் போட்டேன். பாதி தாண்டியதும் திரை அப்படியே உறைந்துவிட்டது. எத்தனை முறை போட்டுப் பார்த்தும் அந்தக் கம்ப்யூட்டர் அதன் பிறகு எழவில்லை.

மறுநாள் அதை நானே தாம்பரம் கடையில் கொண்டுபோய்க் கொடுத்தேன். லேபில் கேட்டால் கேட்கட்டும் என்று தோன்றியிருந்தது. அங்கிருந்து ஒன்றும் திரும்பி வரவில்லை.

புது டிஸ்க்கில் கிடைத்ததை நெட்டில் ஏற்றலாமா என்று முந்தின நாள் மாலை அவள் வாய்விட்டுக் கேட்கவில்லை. தன் ஆபீஸ் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். முதலில் பாஸ்வேர்ட் போட்டுப் பூட்டிவிட்டு ஏற்றச் சொன்னேன். 'குடும்பத்துப் பெயர், பிறந்த நாள் எதுவும் வேண்டாம்' என்றும் தட்டினேன். பிளம்பரையும் ஒழுகும் தொட்டியையும் சேர்த்து அவள் வைத்த பாஸ்வேர்டைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது. சத்தமில்லாத சிரிப்பு, ஆனால் அவள் கண்டுபிடித்துவிட்டாள். நான் கேட்டபடி டிஸ்க்கும் இருக்கிறது. பீரோவில் ஒன்று, குன்றத்தூரில் அவள் தங்கை வீட்டில் பிறகு வாங்கிய இன்னொன்று.

பாதி வாக்கியங்களை வைத்து, டாக்டரம்மா சொன்ன இடத்தில் போனில் என் குரலைச் செய்து கொடுத்தார்கள். சில சொற்களில் என்னைப் போலவே இருக்கிறது, சிலவற்றில் சளி பிடித்த யாரோ ஒருவர் பேசுவதுபோல. போனில் கேஸ் சிலிண்டர் புக் பண்ண அது போதும். அவளிடம் பேச நான் அதை அதிகம் பயன்படுத்துவதில்லை. தட்டிக் காட்டுகிறேன், இப்போதெல்லாம் முடிக்கும்வரை காத்திருக்கிறாள்.

தொட்டிப் பதிவை அவள் எப்போதாவது சமையலறையில் போட்டுக் கேட்பாள். முதல் தடவை நான் எழுந்து வெளியே போய்விட்டேன். போன வாரம் உட்கார்ந்து கேட்டேன். அதில் நான் உப்புமா வேண்டாம் என்று சொல்கிறேன்.