இரும்புத் தட்டுகளைச் சுட்டவர்

தொண்ணூறுகளில், பலேர்மோ நகரின் ஸ்ஃபெர்ராகவால்லோ கடற்கரையில் ஓர் உணவகத்தில் சமைத்த யாழ்ப்பாணத்து அண்ணர் அவர். அவருடைய முதலாளி ஞாயிற்றுக்கிழமைகளில் கௌபாய் உடுப்புப் போட்டுத் துப்பாக்கி சுடுகிற போட்டிகளுக்குப் போவார், இவரையும் சேர்த்துக்கொள்வார். ஒருநாள் பார்க்க நானும் போனேன்.

அண்ணருக்கு மெலிந்த உடம்பு, பெரிய தொப்பி, இரவல் சப்பாத்து. சுடுவதற்கு முன் ஒவ்வொரு தடவையும் திரும்பி, பார்க்க வந்த பிள்ளைகள் கயிற்றுக்கு அப்பால் நிற்கிறார்களா என்று பார்ப்பார். அன்று ஐந்து இரும்புத் தட்டுகளையும் ஐந்தே குண்டுகளில் அடித்தார். முதலாளி ஓடிவந்து கட்டிப்பிடித்தார்.

"உங்களுக்கு இது நல்லாப் பிடிச்சிருக்கு என்ன, அண்ணை?" என்றேன்.

"ஓம். இஞ்சை சுட்டா இரும்பு மட்டும்தான் கத்துது."

அவர் சிரித்தார். பாராட்டுவதாக நினைத்துக்கொண்டு, "அங்கை எந்த இயக்கத்திலை இருந்தனீங்கள்?" என்று கேட்டுவிட்டேன்.

துப்பாக்கியை மேசையில் வைத்துவிட்டு, முதலாளியின் காருக்குள் போய் இருந்தார். அதற்குப் பிறகு அவர் எந்தப் போட்டிக்கும் போகவில்லை.

சில மாதங்கள் கழித்துக் கபோ சந்தையில் கண்டேன். "சுகமோ தம்பி?" என்று அன்பாகத்தான் கேட்டார். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்ததும், "வேலைக்கு நேரமாச்சு, போறன்" என்று கூட்டத்துக்குள் நடந்துவிட்டார்.

அவர் அங்கே யாராக இருந்தார் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. அன்றைக்கும் அது எனக்குத் தெரியவேண்டி இருக்கவில்லை.