பழுப்பாகத் தெரிந்த செல்கள்

எண்பதுகளின் இறுதியில் சேலத்தில், திசுக்களைப் பார்த்து நோயைச் சொல்லும் மருத்துவராக இருந்தேன். ஒருநாள் சென்னையிலிருந்து பஸ்ஸில், ஐஸ் நிரப்பிய பிளாஸ்கில் ஒரு சிறு குப்பி வந்தது. உள்ளே மோனோகுளோனல் ஆன்டிபாடி என்ற எதிர்ப்புரதம். இரைப்பைப் புற்றுச் செல்கள் சுரக்கும் மியூசின் என்ற கோழைப்பொருளைத் தேடிப்பிடித்து ஒட்டிக்கொள்ளும். சாயம் சேர்த்தால் அந்த இடம் பழுப்பாகத் தெரியும். மெழுகில் பதித்து வைத்திருந்த பழைய திசுக்களில் அதைச் சோதித்துப் பார்ப்பது என் வேலை.

மூன்றாம் நாள் எடுத்தது, திருச்செங்கோட்டுப் பக்கத்து விவசாயி ஒருவரின் நெறிகட்டித் துண்டு. இரண்டு வருடம் முன்பு இரைப்பைப் புற்று அறுவையின்போது, நோய் பரவியிருக்கிறதா என்று பார்க்க வெட்டியது. "நோய் பரவவில்லை" என்று கையெழுத்துப் போட்டவள் நான். இப்போது அதில் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பழுப்புச் செல்கள். பழைய கண்ணாடிச் சிலைடைத் தேடியெடுத்துப் பார்த்தேன். அதிலும் இருந்தன. சாதாரணச் செல்கள் என்று தாண்டிப் போயிருக்கிறேன்.

"இது ஆராய்ச்சிக்கு எடுத்ததும்மா. வீடு தேடிப் போய்ச் சொல்லணும்னு இல்லை," என்றார் தலைமை மருத்துவர். ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறினேன்.

விவசாயி கயிற்றுக் கட்டிலில் கிடந்தார். வயிறு மட்டும் உப்பியிருந்தது. கை கால் குச்சி. யாரென்று சொன்னதும் எழுந்து உட்காரப் பார்த்தார்.

"ஏனுங்க டாக்டரம்மா, பரவலைன்னு எழுதிக் குடுத்தது நீங்கதானுங்களா? அதை நம்பித்தானுங்க புதுசாக் கெணறு வெட்டினேன்."

"நான் தப்பாப் பாத்துட்டேங்க. அப்பவே பரவியிருக்குது."

தண்ணீர்ச் சொம்போடு வந்த அவர் மனைவி அப்படியே நின்றார். "அப்பவே தெரிஞ்சிருந்தாக் காப்பாத்தியிருக்கலாமுங்களா?"

"சொல்ல முடியலைங்க. கொஞ்ச நாள் கூடக் கெடைச்சிருக்கலாம். கெடைக்காமயும் போயிருக்கலாம்."

அன்றைய மருந்துகளை வைத்துப் பார்த்தால் அது உண்மைதான். ஆனால் என் காதுக்கே சாக்குப்போக்காகக் கேட்டது.

விவசாயி கோபப்படவில்லை. "வலி தாங்க முடியலைங்க. அதுக்காச்சும் ஏதாவது குடுங்க," என்றார்.

திரும்பி வந்து, வலியை அடக்கும் மார்ஃபினுக்கு அலைந்தேன். போதைமருந்து என்பதால் ஒவ்வொரு மேசையிலும் ஒரு கையெழுத்து. எட்டாம் நாள் கையில் கிடைத்தது. அன்று மதியமே எடுத்துக்கொண்டு போனேன். அவரை முந்தின நாளே எரித்துவிட்டு வந்திருந்தார்கள்.

"கடைசி ரெண்டு நாளும் கத்திக்கிட்டே இருந்தாருங்க," என்றார் மனைவி.

மார்ஃபின் இருந்த கைப்பையைத் திறக்காமலே அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.