ஒற்றைப் பெடல்

இறுக்குவது என் தொழில். மண் அள்ளும் பெரிய இயந்திரங்கள் செய்யும் தொழிற்சாலையில் முப்பது வருடம் ஃபிட்டராக இருந்தேன். நான் முடுக்கிய போல்ட்டைக் கழற்ற ஸ்பானரில் குழாயைச் சொருகி இரண்டு பேர் தொங்க வேண்டும் என்று ஷிப்டில் கிண்டல் செய்வார்கள். அதைப் பெருமையாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

நான் ஓய்வு பெற்ற மறு வருடம் என் மனைவிக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சு மட்டும் திரும்பியது. கோலாரில் பிசியோதெரபி செய்யும் பெண், தினமும் பெடல் மிதிக்கச் சொன்னாள். நல்ல காலைச் சேர்க்கக் கூடாதாம். சேர்த்தால் எல்லா வேலையையும் அதுவே பிடுங்கிக்கொள்ளுமாம். இந்தச் சில மாதங்களில் கைகாலுக்குத் திரும்பும் அசைவுதான் திரும்பும், அப்புறம் கஷ்டம் என்பதை என்னைத் தனியாக அழைத்துச் சொன்னாள்.

மனைவி பெரிதாக எதற்கும் ஆசைப்படவில்லை. "பாத்ரூமுக்கு நானா எழுந்து போனா போதுங்க. நீங்க தூக்கிக்கினு போறது ஒரு மாதிரியா கீது" என்றாள்.

பெடல் மிதிக்கும் சாதனம் கடையிலேயே கிடைக்கிறது. அதை வாங்கினால் நான் என்ன ஃபிட்டர்? வேலைக்குப் போய்வந்த சைக்கிள் பின்கட்டில் துருப்பிடித்துக் கிடந்தது. அதை அறுத்து, பெடல் மாட்டும் கிராங்க் உட்காரும் துண்டை மட்டும் எடுத்து, ஓர் இரும்புச் சட்டத்தில் வெல்டு வைத்தேன். ராபர்ட்சன்பேட்டை சைக்கிள் கடையில் புது கிராங்க், அச்சு, பால்ரஸ் குண்டுகள், அவை உட்காரும் கப், வலது பக்கத்துக்கு ஒரே ஒரு பெடல் வாங்கினேன்.

"இங்கயே மாட்டித் தரேன் அண்ணா. கப்பு டைட் வைக்கிறதுல கொஞ்சம் நுணுக்கம் கீது" என்றார் கடைக்காரர்.

"கொல்லன் தெருவுல ஊசி விக்கிறியா?" என்று கேட்டுவிட்டு வந்தேன்.

வீட்டில் மாட்டி, என் வழக்கப்படி இறுக்கினேன். அவளை நாற்காலியில் உட்காரவைத்து, வலது பாதத்தைத் துண்டால் பெடலோடு கட்டினேன். "இன்னாங்க, ரொம்ப டைட்டா கீதே" என்றாள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று நான் சிரித்தேன். அவளும் சிரித்தாள். நான்கு நாள் அப்படியே அதோடு மல்லுக்கட்டினாள்.

ஐந்தாம் நாள்தான் கிராங்கைக் கையால் சுற்றிப் பார்த்தேன். எனக்கே மூச்சு வாங்கியது. அப்படியே பூமிக்குள் போய்விடலாம் போலிருந்தது. இருப்பதே சில மாதங்கள்; அதில் நான்கு நாளை என் திமிர் தின்றுவிட்டது. கப்பைக் கால் சுற்றுத் தளர்த்தினேன். அப்போதும் கரகரவென்று பிடித்தது. பிரித்துப் பார்த்தால், கப்புக்குள் ஒரு குண்டு அதிகம். சும்மா கிடக்கும் இடத்தைக் கண்டால் எனக்குப் பொறுக்காது, திணித்திருக்கிறேன். அதை எடுத்துவிட்டு, கிரீஸ் வைத்து மறுபடி மாட்டினேன். ஒரு தட்டுத் தட்டினால் கிராங்க் தானாகச் சுற்றிக்கொண்டே இருந்தது.

மறுநாள் காலை அவள் பாதத்தைக் கட்டி, "இப்ப மிதி பாக்கலாம்" என்றேன். அவள் பல்லைக் கடித்தாள். நெற்றி வேர்த்தது, தொடை லேசாக நடுங்கியது. பெடல் அசையவே இல்லை. நான் அந்தப் பெடலையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"இன்னும் டைட்டா கீதா?" என்று கேட்டாள்.

"ஆமா. இன்னும் கொஞ்சம் லூஸ் பண்ணணும்" என்றேன்.

கால்தான் அசையவில்லை என்று சொல்ல எனக்குப் பயமாக இருந்தது. அதற்கு மேல் காரணம் ஒன்றும் இல்லை. அன்றிலிருந்து தினமும் அவள் கண்முன்னே ஸ்பானரை எடுத்து, நன்றாக ஓடுகிற ஒன்றைப் பிரித்துப் பிரித்து மாட்டினேன். அச்சு கோணல் என்றேன், கிரீஸ் மட்டம் என்றேன். கடைக்காரரைக்கூடத் திட்டினேன், பாவம். நான் ஸ்பானரைத் தொடும்போதெல்லாம் அவள் முகம் தெளிந்துவிடும். மூன்று வாரம் இப்படியே போனது.

ஒரு காலை, பாதத்தை அவிழ்த்துவிட்டு டீ போடப் போனேன். இரண்டு டம்ளரோடு திரும்பி வந்தபோது அவள் நாற்காலியில் குனிந்திருந்தாள். இடது கை பெடலுக்குப் பக்கத்தில் இருந்தது. கிராங்க் சுற்றிக்கொண்டிருந்தது. அது நிற்கும்வரை இரண்டு பேரும் அதையே பார்த்தோம்.

"ஒத்த விரல்லயே சுத்துது" என்றாள். பிறகு, "எத்தினி நாளா இப்படி?" என்றாள்.

"மூணு வாரமா" என்றேன்.

அவள் அழவில்லை, திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். டீயைக் கீழே வைக்கச் சொன்னாள். நல்ல கையை என் கழுத்துக்கு நீட்டினாள்.

"பாத்ரூமுக்குப் போவணும். தூக்குங்க."

அதற்கு முன் ஒரு நாளும் அவளாக அப்படிக் கேட்டதில்லை.