எட்டு விளக்குப் போட்ட டிரெய்லர்

கோபம் வந்தால் எனக்குக் கை முதலில் போகும், யோசனை பின்னால் நொண்டிக்கொண்டு வரும். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று என் மனைவி சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டாள். பஸ்ஸில் காலை மிதித்தவனை அடித்திருக்கிறேன். பெட்டரியைத் திருடிய ஒருவனை அவன் வீட்டு வாசலிலேயே வைத்து அடித்திருக்கிறேன். சொல்வதற்குப் பெருமையாக இல்லை. ஆனால் அந்த நாட்களில் பெருமையாகத்தான் இருந்தது. ஊரில் என்னோடு யாரும் வம்புக்கு வருவதில்லை என்பதை ஒரு சொத்துப்போல வைத்திருந்தேன்.

தொழில் வாகன வயரிங். குண்டசாலையிலிருந்து பல்லேகலைக்குப் போகிற ரோட்டோரம் என் கடை. லொறி, வேன், த்ரீவீல் எது வந்தாலும் விளக்கு எரியாவிட்டால் என்னிடம்தான் வரும். கையில் தொழில் உள்ள எல்லோரையும் இங்கே பாஸ் என்று கூப்பிடுவார்கள், என்னையும் அப்படித்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு டபிள் கெப் பிக்கப் வண்டி வந்து நின்றது. பின்னால் டிரெய்லர், அதன்மேல் கருநீல நிறத்தில் ஒரு படகு. கீழே நீர்த்தேக்கத்தில் வெளிநாட்டுக்காரர்களைப் படகில் ஏற்றிக் காட்டும் ஒரு முதலாளியின் வண்டி அது. ஓட்டி வந்தவன் ஹேவாஹெட்டப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துப் பையன், முப்பது வயதிருக்கும், எங்கள் தமிழ்ச் சனம். வண்டியை விட்டு இறங்கியதும் என்னைப் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போனான்.

"பாருங்க அண்ணே. லைட்டு ரெண்டும் சக்கரத்துக்குப் பக்கத்துல, கீழ கெடக்கு. போட்டோட வாலு அதுக்கு மேல ஒரு கஜம் வெளியே நீட்டிக்கிட்டு நிக்குது. இருட்டுல பின்னுக்கு வர்றவனுக்கு நம்மளத் தெரியவே தெரியாது. போன வாரம் ஒரு வேன் மயிரிழையில தப்புச்சு. எனக்குப் பயமா இருக்குண்ணே."

உண்மைதான். படகின் வயிற்றுக்குக் கீழே அந்த இரண்டு விளக்குகளும் ஒளிந்து கிடந்தன. வாலில் தொங்கிய இயந்திரத்தின் விசிறிதான் பின்னால் வருகிறவனை முதலில் சந்திக்கும். விளக்குப் போடச் சொல்லி முதலாளியிடம் மூன்று மாதமாகக் கெஞ்சியது இவன்தான் என்பதைப் பேச்சோடு பேச்சாகச் சொன்னான். அதை இங்கே எழுதிவைக்க வேண்டும். விளக்கைக் கேட்டவன் அவன்.

நல்ல வேலைதான் செய்தேன், பார்வைக்கு. டிரெய்லரின் பின்மூலைகள் இரண்டிலும் ஆள் உயரத்துக்குக் குழாய் நட்டு உச்சியில் சிவப்பு விளக்கு. பக்கத்துக்கு மூன்றாக மஞ்சள் விளக்குகள். மொத்தம் எட்டு. பின்சட்டம் முழுக்க வெளிச்சம் பட்டால் மின்னுகிற சிவப்பு நாடா. புதிய விளக்குகளுக்கென்று ஓட்டுபவன் கைக்கெட்டும் இடத்தில் தனி சுவிட்ச், அதில் போட்டால் எரிகிற சின்னச் சிவப்புப் பொட்டு.

கோளாறு கேபிளில் இருந்தது. முன்வண்டியிலிருந்து டிரெய்லருக்குப் போகும் கேபிளுக்குள் ஐந்து வயர்தான் உண்டு. நான்கு விளக்குகளுக்கு மின்சாரம் கொண்டுபோகும். ஐந்தாவது வெள்ளை வயர், போன மின்சாரம் திரும்பி வருகிற வழி. அதைத்தான் எர்த் என்போம். என் புது விளக்குகளுக்கு இன்னொரு வயர் வேண்டும். அதற்குக் கண்டி டவுனுக்குப் போய் வேறு கேபிள் வாங்கி வரவேண்டும், கடையோ ஞாயிறு பூட்டு. முதலாளி போனில் அவசரப்படுத்தினார். நான் அந்த வெள்ளை வயரை அவிழ்த்துப் புது விளக்குகளுக்குக் கொடுத்தேன்.

லொறி வயரிங் செய்கிற எல்லோருக்கும் உள்ள பழக்கம் இது. லொறியின் உடம்பே இரும்பு, எர்த்துக்குத் தனி வயர் எதற்கு, இரும்பே திருப்பிக் கொண்டுவந்துவிடும். ஆனால் டிரெய்லர் முன்வண்டியைத் தொடுவது ஒரே ஒரு இடத்தில், கொளுக்கி மாட்டுகிற அந்த இரும்புக் குண்டில். அந்த ஒட்டுதல் விட்டுப்போனால் புதியது பழையது எல்லா விளக்குகளும் ஒன்றாகச் செத்துவிடும். எனக்கு அது தெரியும். இரும்பும் இரும்பும்தானே, அடுத்த தடவை வரும்போது சரியான கேபிள் போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

சுவிட்சைப் போட்டதும் எட்டும் எரிந்தன. டிரைவர் சுற்றிச் சுற்றி வந்து பார்த்துச் சிரித்தான். "கல்யாண வீடு மாதிரி இருக்குண்ணே," என்றான். கிளம்பும்போது கொளுக்கிக் குண்டு கிறீச் கிறீச் என்று கத்துகிறது என்றான். உள்ளே போய்க் கிரீஸ் டின்னை எடுத்து வந்து கொடுத்தது நான்தான். "கை நெறைய எடுத்து நல்லா பூசு," என்று சொன்னதும் நான்தான்.

வியாழக்கிழமை மாலை ஆறரைக்கு மேல் இருக்கும். மழை தூறிக்கொண்டிருந்தது. என் தம்பிக்குப் பல்லேகலையில் ஒரு தொழிற்சாலையில் வேலை. வேலை முடிந்து மோட்டார் சைக்கிளில் போகிறபோது கடையில் நிறுத்தி ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவான். கேத்தலை அடுப்பில் வைத்திருந்தேன். அப்போதுதான் மேலே வளைவில் அந்தச் சத்தம் கேட்டது. ஒரே சத்தம். பிறகு ஒன்றுமே இல்லை.

ஓடினேன். படகின் வாலுக்குக் கீழே ஒரு மோட்டார் சைக்கிள் மடங்கிக் கிடந்தது. அதற்கும் இயந்திரத்துக்கும் நடுவில் என் தம்பி. விசிறியின் தகடு அவன் இடது காலுக்குள் இறங்கியிருந்தது. முழங்காலுக்குக் கீழே சப்பாத்து இருந்தது, சப்பாத்துக்குள் பாதம் இருந்தது, இரண்டுக்கும் நடுவில் கால் என்று சொல்ல எதுவும் இல்லை. அவன் என்னைப் பார்த்து, "அண்ணே, தூக்காத," என்றான். நாலைந்து பேர் சேர்ந்து தூக்கினோம். அவன் போட்ட கூச்சலை நான் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஒரு த்ரீவீலில் ஏற்றினார்கள். என் சாரம் நனைந்து தொடையில் ஒட்டியது, மழையால் அல்ல, அவன் இரத்தத்தால்.

திரும்பினேன். டிரெய்லரில் ஒரு விளக்குகூட எரியவில்லை. நான் போட்ட எட்டும் இல்லை, பழைய இரண்டும் இல்லை. படகு கறுப்பாக நின்றது.

டிரைவர் கதவைத் திறந்து இறங்கப் பார்த்தான். சட்டையைப் பிடித்து இழுத்து ரோட்டில் போட்டேன். முதல் அடியில் உதடு கிழிந்தது. இரண்டாவதில் பல் என் விரல் முட்டியில் குத்தியது. "லைட்டு போட்டேண்ணே, போட்டுத்தான் இருக்கு, போய்ப் பாருங்கண்ணே," என்றான். மிதித்தேன். விலா எலும்பு என் காலுக்கடியில் நகர்ந்தது தெரிந்தது. வேறு இரண்டு பேரும் சேர்ந்துகொண்டார்கள், யாரென்றுகூட எனக்குத் தெரியாது. "பாருங்கண்ணே," என்று அவன் வண்டியைக் கையால் காட்டினான்.

பார்த்தேன். திறந்த கதவுக்குள், ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில், நான் பொருத்திய சுவிட்சில் அந்தச் சிவப்புப் பொட்டு எரிந்துகொண்டிருந்தது.

எனக்கு எல்லாம் அந்த நொடியிலேயே விளங்கிவிட்டது. கிரீஸ், குண்டு, வெள்ளை வயர். பூசிய கிரீஸ் இரும்பையும் இரும்பையும் ஒட்டவிடவில்லை, பொட்டு மட்டும் முன்வண்டி மின்சாரத்திலேயே எரிகிறது. அதற்குப் பிறகுதான் நான் வண்டிக்குள்ளிருந்து வீல் ஸ்பெனரை எடுத்தேன். காட்டிய கை இன்னும் நீட்டியபடியே இருந்தது. அதன் மணிக்கட்டில் அடித்தேன். இரண்டு தரம். ஆத்திரத்தில் கண் தெரியாமல் அடித்துவிட்டேன் என்று பிறகு பல பேரிடம் சொன்னேன். பொய். கண் நன்றாகத் தெரிந்தது. அவன் வாயை மூடவேண்டும் என்றுதான் அடித்தேன்.

எங்கள் பக்கத்தில் ரோட்டில் ஒரு டிரைவரை அடித்தால் அது இனக்கலவரத்தில் போய் முடியும் என்று ஊருக்கே தெரியும். எதிரே இருந்த கடைகள் ஒவ்வொன்றாகக் கதவை இழுத்துக்கொண்டன. அடித்தவனும் அடிபட்டவனும் ஒரே சனம்தான் என்று யாரோ சிங்களத்தில் சத்தமாகச் சொன்னார்கள். அதற்குப் பிறகு கதவுகள் மறுபடி திறந்தன, சிலர் போனைத் தூக்கிப் படம் பிடித்தார்கள். அவன் உயிர் போகவில்லை என்றால் அதற்குக் காரணம் பொலிஸ் ஜீப், என் மனம் அல்ல.

பொலிஸில் என்னைச் சாட்சியாக எழுதிக்கொண்டார்கள். டிரெய்லரில் விளக்கு எரியவில்லை என்று சொன்னேன். அது உண்மைதானே. கையெழுத்தும் போட்டேன். அடித்தது கூட்டம் என்று சார்ஜன் எழுதினார், தம்பியை அந்த நிலையில் பார்த்த அண்ணன்மீது அவருக்கு இரக்கம். விளக்கைப் போடாமல் ஓட்டினான் என்று டிரைவர்மேல் வழக்கு. கையில் மாவுக்கட்டோடு அவனை விளக்கமறியல் சிறையில் வைத்தார்கள்.

தம்பிக்கு முழங்காலோடு காலை எடுத்தார்கள். மூன்றாம் நாள்தான் பேச்சு வந்தது. என்னைக் கண்டதும் தலையணைக்கடியிலிருந்து போனை எடுத்தான். நான் டிரைவரை அடிக்கிற அந்தப் படத்தை யாரோ அவனுக்கு அனுப்பியிருந்தார்கள்.

"நல்லா குடுத்திருக்கண்ணே," என்றான். "ராவுல வலி தாங்க முடியாத நேரம் இதத்தான் போட்டுப் போட்டுப் பாக்குறேன். இது ஒன்னுதான் ஆறுதல்."

நான் அவன் தலையைத் தடவிவிட்டு வெளியே வந்தேன்.

செவ்வாய்க்கிழமை மோட்டார் வாகனப் பரிசோதகர் வந்து வண்டியைப் பார்ப்பார் என்று சார்ஜன் சொல்லியிருந்தார். அவர் விளக்கைப் போட்டுப் பார்த்து, எரியாததைக் கண்டு, வயரைப் பிரித்தால் என் கைவேலை வெளியே வந்துவிடும். டிரைவர் பிழைத்துக்கொள்வான். விளக்கு எரிந்துவிட்டாலோ அவன் சொன்னது பொய், சுவிட்சே போடவில்லை என்று ஆகிவிடும். அவன் ஜெயிலுக்குப் போவான்.

திங்கட்கிழமை பகல் பொலிஸ் முற்றத்துக்குப் போனேன். தம்பியின் சாப்பாட்டுப் பை அவன் மோட்டார் சைக்கிளில் இருக்கிறது, எடுக்க வேண்டும் என்றேன். போய் எடுக்கச் சொல்லிவிட்டு சார்ஜன் தேத்தண்ணியைக் குடித்தார். டிரெய்லரைக் கழற்றாமலே நிறுத்தியிருந்தார்கள். கொளுக்கிக் குண்டைச் சுற்றிக் கிரீஸ் மழைத்தண்ணீரோடு சேர்ந்து வெண்ணெய் மாதிரி அப்பியிருந்தது. என் சட்டைப் பையில் ஒரு முழ வயர் இருந்தது. ஒரு முனையை டிரெய்லரின் ஆணியில் முடுக்கினேன், மறு முனையை எர்த்துக்காக வண்டியின் பம்பர் ஆணியில். பொலிஸ்காரர் யாரோ சுவிட்சை அணைத்திருந்தார். போட்டுப் பார்த்தேன். பட்டப்பகலில் எட்டு விளக்குகளும் எரிந்தன. அணைத்துவிட்டு, சோறு நாறிக்கொண்டிருந்த சாப்பாட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு வந்தேன். இரண்டு நிமிட வேலை. ஹேவாஹெட்டவில் அவன் பெண்சாதி பிள்ளைகளோடு இருக்கிறாள் என்று எனக்குத் தெரியும். தெரிந்தேதான் செய்தேன்.

அன்று மாலை ஆஸ்பத்திரிக்குப் போனபோது தம்பி படத்தை நிறுத்தி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அண்ணே, வண்டிக்குள்ள ஒரு செவப்பு எரியுதே, என்ன அது?"

அவன் சும்மாதான் கேட்டான். ஒன்றுமில்லை, ரேடியோ லைட் என்று சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தேன். அவன் கட்டிலில் போர்வை ஒரு பக்கம் நீண்டு கிடந்தது, மறுபக்கம் பாதியில் தட்டையாகிவிட்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். வெள்ளை வயரை, கிரீஸை, பொட்டைப் பார்த்த பிறகு அடித்ததை, அன்று பகல் முடுக்கிவிட்டு வந்த வயரை.

பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"அவனுக்கு எந்தக் கை?" என்றான் தம்பி.

"வலது கை."

"திரும்ப வண்டி ஓட்டுவானா?"

"தெரியல."

"காலையில மொத வேலையா போய் அந்த வயர பரிசோதிக்க வர்ற ஆளு முன்னாலயே கழட்டு. கழட்டிட்டு நீ செஞ்சதச் சொல்லு."

மறுநாள் காலை பரிசோதகர் முன்னால் அதைக் கழற்றினேன். சொன்னேன். சார்ஜன் என்னைப் பார்த்த பார்வை எனக்குத் தகும். டிரைவரை விட்டார்கள். என்மேல் இப்போது வழக்கு நடக்கிறது. நீதிமன்றத்துக்கு அவன் வந்தால் என் பக்கம் திரும்புவதில்லை. அவன் விரல்கள் இன்னும் முழுதாக மடங்கவில்லை. இதெல்லாம் நடக்க வேண்டியவை, நடந்தன.

ஆனால் அந்தத் திங்கட்கிழமை மாலை, வயரைக் கழற்றச் சொல்லி முடித்ததும் தம்பி போனில் இருந்த படத்தை அழித்தான். அழித்துவிட்டு, "கிட்ட வா," என்றான். குனிந்தேன். அடித்தான். கன்னத்தில், காதில், மூக்கில், பிடரியில். கையில் ஏற்றியிருந்த ஊசி பிடுங்கிக்கொண்டு வந்து இரத்தம் என் சட்டையில் தெறித்தது. தாதி ஓடி வந்து அவன் தோளைப் பிடித்தாள். அப்போதும் அடித்தான். லொறி பெட்டரியை ஒற்றைக் கையால் தூக்கி வைக்கிறவன் அவன். நான் கண்ணை மூடிக்கொண்டு, வலிக்கட்டும் என்று காத்திருந்தேன். ஒரு அடிகூட வலிக்கவில்லை.