யார் பெயரை எழுதட்டும்?

எழுபதுகளின் நடுவில் நடந்தது இது. அப்போது நாங்கள் மாமல்லபுரத்துக்கு வடக்கே, திருவிடந்தைக்குப் போகும் வழியில் ஒரு மீனவக் குப்பத்தில் குடியிருந்தோம். என் கணவருக்குச் செங்கல்பட்டில் அரசாங்க அலுவலகத்தில் குமாஸ்தா வேலை. கடலை நம்பியே பிழைத்த அவர் குடும்பத்தில் முதன்முதலாக மாதச் சம்பளம் வாங்கியவர் அவர்தான். நான் கூடுவாஞ்சேரிப் பக்கம் விவசாயக் குடும்பத்துப் பெண். செங்கல்பட்டுக்கு டைப்ரைட்டிங் கற்றுக்கொள்ளப் போனேன், அங்கே அவரைப் பார்த்தேன். அதற்குமேல் விளக்க வேண்டியதில்லை. கல்யாணம் ரிஜிஸ்டர் ஆபீசில் நடந்தது. என் அப்பா என்னைத் தலைமுழுகிவிட்டார்.

என் மாமியாரும் ஆரத்தி எடுத்து வரவேற்கவில்லை. விரட்டவும் இல்லை. மீன் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு திருக்கழுக்குன்றம் வரை போய் விற்றுவருகிற உழைப்பாளி. என்னிடம் நேராகப் பேசமாட்டார். சொல்ல வேண்டியதை என் கைக்குழந்தையிடம் சொல்வார். "உங்கம்மாவ கொழம்ப எறக்கச் சொல்லு" என்பார். அந்தக் குழந்தைக்கோ 'தாத்தா' என்ற ஒரு வார்த்தையே அப்போதுதான் வந்திருந்தது! என்னைக் கூப்பிட்டே தீரவேண்டும் என்றால் 'இந்தா' என்பதோடு சரி. என் பெயர் அவருக்குத் தெரியுமா என்பதே எனக்குச் சந்தேகமாக இருந்தது.

அந்த வருஷம் அலுவலகத்தில் என் கணவருக்கு விடுமுறைப் பயணச் சலுகை கிடைத்தது. எங்கே போகலாம் என்ற கேள்விக்கே இடமில்லை, காசிதான். என் கணவர் சிறுபிள்ளையாக இருந்தபோதே மாமனார் கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. உடம்பும் கிடைக்கவில்லை. காசியில் போய் அவருக்குப் பிண்டம் வைக்கவேண்டும் என்பது அத்தையின் தீராத ஆசை.

டிக்கெட் வாங்கியதிலிருந்து என் கணவருக்குத் தூக்கம் போயிற்று. ரயில் கவிழ்ந்த செய்தி எந்த மூலையில் வந்தாலும் பேப்பரை மடித்து எடுத்துவந்து படித்துக் காட்டுவார். கட்டுமரத்தில் அலையைத் தாண்டிப் போன வம்சம், ரயிலைக் கண்டு நடுங்கியது. நான் சிரித்தேன் என்று கோபித்துக்கொண்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை இன்சூரன்ஸ் ஏஜென்ட் ஒருவரையே வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டார். அலுவலக நண்பரின் மச்சானாம்.

ஏஜென்ட் பாயில் உட்கார்ந்து கடை விரித்தார். ரயிலில் ஏறியதிலிருந்து இறங்கும்வரை மட்டும் ஒன்று. ரிக்‌ஷா, படகு, படித்துறை என்று வீடு திரும்பும்வரை எல்லாவற்றுக்கும் சேர்த்து இன்னொன்று. பெரிய தொகை குடும்பத் தலைவர் பேரில், மற்றவர்களுக்குக் கொஞ்சம் கொஞ்சம். என் கணவர் சந்தையில் கத்தரிக்காயை அழுத்திப் பார்க்கிற மாதிரி ஒவ்வொன்றையும் திருப்பித் திருப்பிக் கேட்டார். காலில் அடிபட்டால் உண்டா, விரல் போனால் உண்டா என்று வேறு. நல்ல காரியத்துக்குக் கிளம்பும் நேரத்தில் இது என்ன பேச்சு!

வாசலோரம் கூடையைச் சரிசெய்துகொண்டிருந்த அத்தை அப்போதுதான் வாயைத் திறந்தார்.

"ஏன் நைனா, தண்ணில பூட்டா?"

"உண்டும்மா. கங்கையில வழுக்கி விழுந்தாலும் உண்டு" என்றார் ஏஜென்ட் உற்சாகமாக.

"ஆளு கெடைக்கலன்னா?"

ஏஜென்ட் சற்றுத் திணறினார். "உடம்பு கிடைக்கலைன்னா உடனே தரமாட்டாங்க. செத்ததாச் சட்டம் ஒத்துக்கப் பல வருஷம் காத்திருக்கணும்."

அத்தை கூடையை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய்விட்டார். கூடையைத் தண்ணீர் ஊற்றித் தேய்க்கிற சத்தம் கேட்டது. போச்சு, கோபம் வந்துவிட்டது, இனி காசியும் வேண்டாம் கங்கையும் வேண்டாம் என்று சொல்லப்போகிறார் என்றுதான் நினைத்தேன்.

என் கணவர் எல்லாவற்றுக்கும் சேர்த்த பாலிசியையே போடச் சொன்னார். ஏஜென்ட் பேனாவைத் திறந்தார்.

"உங்களுக்கு ஏதாச்சும் ஆனா பணம் யாருக்குப் போகணும்? யார் பெயரை எழுதட்டும்?"

"அம்மா பேருதான். ஆபீஸ்லயும் எல்லாம் அம்மா பேருலதான் கீது" என்றார் என் கணவர், யோசிக்காமல்.

காபி டம்ளரை நீட்டிய என் கை அப்படியே நின்றுவிட்டது. அவர் கெட்டவர் இல்லை. கல்யாணத்துக்கு முன்னால் வேலையில் சேர்ந்தபோது எழுதிக் கொடுத்தது, மாற்ற வேண்டும் என்று தோன்றவே இல்லை. அவ்வளவுதான். ஆனால் எனக்கு ஒரே நொடியில் எல்லாம் தெரிந்தது. அவருக்கு ஒன்று ஆகிவிட்டால் நான் எங்கே போவேன்? அப்பா வாசற்படி ஏற்றமாட்டார். இந்த வீட்டிலோ என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடக்கூட ஆள் இல்லை. கைக்குழந்தை வேறு. 

சரி, கேட்டிருக்கலாமே என்பீர்கள். எப்படிக் கேட்பது? கழுத்தில் தாலியை வைத்துக்கொண்டு, நீங்கள் செத்தால் எனக்கு என்ன வரும் என்று எந்தப் பெண்டாட்டி கேட்பாள்? அதுவும் வெளியாள் முன்னால்? நான் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டேன்.

"நைனா, எழுதாத!"

பின்வாசலில் அத்தை. கையிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. ஏஜென்ட் பேனாவைக் காகிதத்திலிருந்து எடுத்தார்.

"இன்னாம்மா, பயணம் கெளம்புற நேரத்துல பாலிசி வாணான்றியா?" என்று கேட்டார் என் கணவர்.

"பாலிசி போடு. எம்பேரு வாணாம்."

அங்கேயே நின்றபடி அத்தை பேசினார். அவர் அவ்வளவு நேரம் பேசி நான் கேட்டதே இல்லை.

"உங்கப்பன் பூட்ட பொறவு வூட்ல இருந்த வலைய மத்தவங்க கட்டுமரத்துல எடுத்துகினு போனாங்க. வலைக்குன்னு தனியா ஒரு பங்கு உண்டு, தெரியும்ல? எங்காதுல கெடந்த கம்மல வித்து வாங்குன வலை அது. ஆனா கரையில பங்கு பிரிக்கசொல்ல எங்கையில குடுக்கல. உங்கப்பனப் பெத்தவ கையில குடுத்தாங்க. அதான் வழக்கம். அந்தம்மா நல்லவதான், பட்னி போடல. ஆனா உனுக்கு ஒரு பன்னு வாங்கித் தரணும்னாலும் அவ கையப் பாத்துகினு நிக்கணும். நின்னேன்."

சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டார்.

"இவ எங்கையப் பாத்துகினு நிக்கவாணாம்."

 என் கணவர் பாயில் கோரையைப் பிய்த்துக்கொண்டிருந்தார். ஏஜென்ட்தான் தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடியும் கேட்டார், அப்படியானால் யார் பெயரை எழுதட்டும் என்று.

அத்தை என் பெயரைச் சொன்னார்.

முழுப் பெயரை, ஒரு எழுத்துக்கூட விழுங்காமல். என் அப்பா ஆசையாக வைத்த பெயர், அத்தை வாயில் அவ்வளவு சுத்தமாக வந்தது. எனக்குக் கண்ணீர் பொலபொலவென்று வந்துவிட்டது. அத்தை என்னைப் பார்க்கவில்லை. என் இடுப்பிலிருந்த குழந்தையைப் பார்த்து, "உங்கம்மாவ அழவாணான்னு சொல்லு. காபி ஆறிப்போச்சு, அந்தாளுக்கு வேற போட்டுத் தரச் சொல்லு" என்றார்.

காசிக்குப் போனோம். ரயில் கவிழவில்லை. ஒருவருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. பயணத்துக்கென்று வாங்கிய புதுச் செருப்பில் ஒன்றைக் குரங்கு தூக்கிக்கொண்டு ஓட, "இதுக்கு அந்த ஏஜென்ட் ஒண்ணும் தரமாட்டானா?" என்று அத்தை கேட்டார். படித்துறையே எங்களைத் திரும்பிப் பார்க்கும்படி சிரித்தோம். பிண்டம் வைத்தபோது அவர் அழவில்லை. தண்ணீரில் வெகுநேரம் நின்றுவிட்டு, "சரி, போலாம்" என்றார்.

ஊர் திரும்பியதும் என் கணவர் அலுவலகத்தில் இருந்த காகிதங்களிலும் என் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டார். எனக்கோ வீட்டில் மறுபடியும் 'இந்தா'தான். ஆனால் அந்த 'இந்தா' அதற்குப் பிறகு எனக்கு வலிக்கவில்லை.

சில வருஷங்களில் மஞ்சள் காமாலை வந்து என் கணவர் போய்விட்டார். எந்த ரயிலுக்குப் பயந்தாரோ அந்த ரயில் அவரை ஒன்றும் செய்யவில்லை. அலுவலகத்திலிருந்து வந்தவர்கள் யாரையும் எதையும் கேட்கவில்லை. என்னிடம்தான் கையெழுத்து வாங்கினார்கள், பணத்தையும் என் கையில்தான் கொடுத்தார்கள். பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்துவிட்டுச் சுவரில் சாய்ந்திருந்த அத்தையின் மடியில் அதைக் கொண்டுபோய் வைத்தேன். வேறு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

அவர் அதை எடுத்து என் உள்ளங்கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினார். பிறகு என் பெயரைச் சொல்லி, "உங்கையிலயே இருக்கட்டும்" என்றார். அவர் வாயால் என் பெயரைக் கேட்டது அது இரண்டாவது தடவை. அப்புறம் கேட்கவில்லை.

இப்போதும் வீட்டில் யாராவது வெளியூர் கிளம்பினால், பாலிசி போட்டாயா, யார் பெயரை எழுதினாய் என்று வாசலிலேயே கேட்டுவிடுவேன். கிளம்பும் நேரத்தில் இப்படிக் கேட்கிறாளே என்று முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும், வாய்விட்டுக் கேட்கமுடியாமல் நிற்கிற ஒருத்திக்காக இன்னொருத்தி கேட்கவேண்டும் என்பதுதான் அத்தை எனக்கு விட்டுப்போன பங்கு.